படலை பூட்டியிருந்தால் பொட்டைப் பாருங்கோ

ஆய்வுக்கட்டுரை, பாடப்புத்தகம், பழைய நூல் எல்லாம் இணையத்தில காசில்லாமலும் களவில்லாமலும் எங்க கிடைக்கும் எண்டு கேளுங்கோ, தெரிஞ்சதைச் சொல்லுறன் எண்டு போன கிழமை வாய் குடுத்தது நான்தான். நாற்பதுக்கு மேல கேள்வி வந்திட்டுது. ஒரே மாதிரியானதுகளைச் சேர்த்திட்டன். இருபது வருசம் நூலக வேலை பார்த்ததுதான் என்ர தகுதி. பேராசிரியர் எண்டு எழுதின தம்பி, அது நான் இல்லை.

கிளிநொச்சி, விவசாயபீட மாணவி: அண்ணை, நெல்லில கபிலநிறத் தத்திப் பூச்சி பற்றித் தேடுறன். கட்டுரையின்ர தலைப்பு வருது, திறந்தால் முப்பது, நாற்பது டொலர் கேக்குது. வீட்டில கேட்டால் ஏச்சுத்தான் விழும். என்ன செய்ய?

காசைக் கட்டாதேங்கோ தங்கச்சி. நீங்கள் பார்த்தது பதிப்பகத்தின்ர படலை. அதே கட்டுரையை எழுதினவர் தன்ர பல்கலைக்கழக இணையக் களஞ்சியத்திலயும் போட்டிருப்பார். கன பதிப்பகங்கள் அதுக்கு அனுமதி குடுக்குது. அதுதான் பொட்டு, வேலியில ஆள் நுழையிற சின்ன வழி மாதிரி.

முதல்ல முழுத் தலைப்பையும் மேற்கோள் குறிக்குள்ள போட்டு, ஆய்வுக்கட்டுரை தேடுற கூகிள் ஸ்கொலரில தேடுங்கோ. வலப்பக்கம் பி.டி.எஃப். எண்டு இருந்தால் வேலை முடிஞ்சுது. இல்லாட்டி, கட்டுரைக்குக் கீழ சின்ன எழுத்தில 'ஓல் வேர்ஷன்ஸ்' எண்டு கிடக்கும். அதை ஒருத்தரும் அமத்துறேல்லை, ஆனால் அதுக்குள்ளதான் மற்றப் பிரதியள் இருக்கும். கம்பியூட்டர் எண்டால் உலாவியில 'அன்பேவோல்' எண்ட நீட்சியைப் போட்டுவிடுங்கோ. எங்கயாவது சட்டப்படி திறந்த பிரதி இருந்தால் பக்கத்தின்ர ஓரத்தில பச்சையாத் திறந்த பூட்டுக் காட்டும்.

இதெல்லாம் பிழைச்சால் எழுதினவருக்கே ஈமெயில் போடுங்கோ. நீங்கள் கட்டுற டொலரில அவருக்கு ஒரு சதமும் போறேல்லை. அதால கேட்டால் சந்தோசமா அனுப்புவினம். மூண்டு வரி போதும்: நான் ஆர், என்ன படிக்கிறன், உங்கட எந்தக் கட்டுரை வேணும். போன வருசம் ஒரு பிள்ளைக்கு நான் பக்கத்தில இருந்து எழுதிக் குடுத்தன். பின்னேரம் அனுப்பினது, விடிய எழும்ப மூண்டு கட்டுரை வந்து கிடந்துது. கேட்டது ஒண்டுதான்.

உங்கட துறைக்குத் தனிச் சுரங்கமும் இருக்கு. உலக உணவு விவசாய அமைப்பின்ர 'அக்ரிஸ்' ஒண்டு. நெல்லுக்கு எண்டால் பிலிப்பைன்சில இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின்ர 'ரைஸ் நொலெஜ் பாங்க்'. எங்கட நாட்டுச் சஞ்சிகையளுக்கு 'ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன்'. எங்கட மண்ணில, எங்கட போகத்தில செய்த ஆய்வு அமெரிக்கச் சஞ்சிகையில லேசில கிடைக்காது, அதால கடைசியாச் சொன்னதை முதல்ல பாருங்கோ.

வவுனியா, தாதிய உத்தியோகத்தர்: சிறுநீரக நோயாளர் எங்கட வாட்டுக்குக் கனக்க வருகினம். பப்மெட்டில தேடினால் சுருக்கம் மட்டும்தான் வருது.

பப்மெட் மருத்துவக் கட்டுரைகளின்ர ஒரு அட்டவணை, அக்கா. முழுக்கட்டுரை இருக்கிறது அதின்ர சகோதரம் பப்மெட் சென்ட்ரலில. 2000ஆம் ஆண்டிலயிருந்து அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் நடத்துது, எல்லாம் இலவசம். பப்மெட்டிலயே இடப்பக்கம் 'ஃப்ரீ ஃபுல் டெக்ஸ்ட்' எண்ட பெட்டியில சரி போட்டால் திறந்ததுகள் மட்டும் நிக்கும்.

சொல்லும் முக்கியம். சும்மா கிட்னி எண்டு போட்டால் கடல். காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய்க்கு ஆய்வாளர் பாவிக்கிற சுருக்கம் சி.கே.டி.யு. அதோட மீசோ அமெரிக்கன் நெஃப்ரோபதி எண்டும் தேடுங்கோ. மத்திய அமெரிக்காவில கரும்புத் தோட்டத் தொழிலாளருக்கு வாற இதே மாதிரி நோய். வெயிலுக்கை வேலை செய்யிற சனத்தைப் பற்றின கேள்வியள் அங்கயும் இங்கயும் ஒண்டுதான். நோயாளருக்கு விளங்கப்படுத்த வேணுமெண்டால் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுற கொக்ரேன் அமைப்பின்ர எளியநடைச் சுருக்கங்கள் சிலது தமிழிலயே இருக்கு. மெட்ஆர்க்கைவில வாறது மட்டும் கவனம். அது மற்ற நிபுணர் பார்த்துத் திருத்த முந்தியே போடுற இடம், அதை வைச்சு மருந்து மாத்தேலாது.

நெடுங்கேணி, ஆசிரியர்: பிள்ளையள் எங்கட காட்டு மரங்களைப் பற்றிச் செயற்றிட்டம் செய்யினம். பாலை, முதிரை எண்டு தமிழில தேடினால் ஒண்டும் வரேல்லை.

இந்தக் கேள்வியை வாசிச்சதும் எனக்கு மனம் நிறைஞ்சிட்டுது, சேர். 'பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி'க்குப் போங்கோ. உலகத்துப் பெரிய தாவரவியல் நூலகங்கள் சேர்ந்து பழைய நூல்களை ஸ்கான் பண்ணிப் போட்டிருக்கினம். அங்க ஹென்றி ட்ரைமென் எழுதின இலங்கைத் தாவரக் கைநூல் இருக்கு, 1893 தொடக்கம் 1900 வரை வந்த ஐஞ்சு தொகுதி. ட்ரைமென் 1896இல செத்துப்போக, மிச்சத்தைத் தாவரவியலாளர் ஹூக்கர் முடிச்சவர். இங்கிலீசுப் புத்தகம்தான், ஆனால் மரங்களுக்கு ஊர்ப்பெயரும் குடுத்திருக்கு. சிங்களப் பெயருக்குப் பக்கத்தில 'எஸ்', தமிழ்ப் பெயருக்குப் பக்கத்தில 'டி'. பாலை எண்ட சொல்லை 'டி' எழுத்தோட அந்தப் பக்கத்தில பிள்ளையளுக்குக் காட்டுங்கோ, முகத்தைப் பாருங்கோ.

ஒரு சிக்கல் இருக்கு. ட்ரைமென் பாலைக்குக் குடுத்த பெயர் மிமுசொப்ஸ் ஹெக்சாண்ட்ரா. இப்ப அது மனில்கரா ஹெக்சாண்ட்ரா. பழைய பெயரில தேடினால் பழைய நூல் வரும், புதுப் பெயரில தேடினால் இப்பத்தைய ஆய்வு வரும். ரெண்டையும் போட்டால்தான் மரம் முழுசா வரும். முதிரைக்கு இந்தக் கரைச்சல் இல்லை, குளோரொக்சிலன் ஸ்வீட்டீனியா எண்டே தேடலாம்.

முள்ளியவளை, ஓய்வு பெற்றவர்: வன்னிக் குளங்களின் வரலாறு எழுத ஆசை. கொழும்புக்குப் போய்வர உடம்பு இடங்குடுக்கவில்லை.

போகவே தேவையில்லை, ஐயா. 2005இல தொடங்கின 'நூலகம்' எண்ட இணையத்தளத்தில ஈழத்து நூல், சஞ்சிகை, ஊர் மலர், கோயில் மலர் எல்லாம் ஆயிரக்கணக்கில இருக்கு. கோயில் மலரைத் தட்டிவிடாதேங்கோ. குளம் ஆர் திருத்தினது, எந்த வருசம் உடைச்சது எண்டது அதுக்குள்ளதான் ஒளிஞ்சு கிடக்கும். இன்டர்நெட் ஆர்க்கைவில ஜே. பி. லூயிசின்ர 1895ஆம் ஆண்டு வன்னி மாவட்டக் கைநூலைத் தேடுங்கோ. நீர்ப்பாசனப் பொறியியலாளரா இருந்த பார்க்கர் 1909இல எழுதின பழைய இலங்கை பற்றின நூலில குளங்களுக்கு ஒரு நீண்ட பகுதியே இருக்கு. சஞ்சிகைக் கட்டுரையளைச் சேர்த்து வைச்சிருக்கிற ஜேஸ்டோர் தளத்தில பெயர் பதிஞ்சால் மாதம் 100 கட்டுரை வரைக்கும் திரையில இலவசமா வாசிக்கலாம். டவுன்லோட் பண்ணேலாது, கொப்பியில குறிப்பு எடுங்கோ.

எழுத்துக்கூட்டல்தான் உங்களை அலைக்கழிக்கும். வன்னிக்கு வெள்ளைக்காரன் 'வி'யும் போட்டான், 'டபிள்யூ'வும் போட்டான். முல்லைத்தீவுக்கு லூயிஸ் ரெண்டு 'டி' போட்டவர், இப்ப ஒண்டு. எல்லா விதமாயும் தேடி, எதில என்ன வந்தது எண்டு ஒரு கடதாசியில எழுதி வைச்சால் ஒரே கிணத்தைத் திரும்பத் திரும்ப இறைக்க வேண்டி வராது.

புதுக்குடியிருப்பு, உயர்தர மாணவன்: டேட்டா காணாது அண்ணா. வீடியோ பார்க்கேலாது.

வீடியோவை விடும். தேசிய கல்வி நிறுவகத்தின்ர உயர்தர வளநூல் தமிழில பி.டி.எஃப். ஆக் கிடக்கு. பௌதிகம், உயிரியலுக்கு ஓபன்ஸ்டாக்ஸ் தளத்தின்ர இலவசப் புத்தகம் இங்கிலீசில. நூலகத்து வைஃபையில ஒருக்கா இறக்கினால் காணும்.

அறிவியல்நகர், பொறியியல் மாணவன்: ஆர்க்கைவில எல்லாம் இருக்குமாமே?

நீர் கேக்கிறது arXiv எண்டு எழுதுற கட்டுரைக் களஞ்சியம், மேல சொன்ன இன்டர்நெட் ஆர்க்கைவ் இல்லை. கணிதம், பௌதிகம், கணினிக்கு இருக்கும். 1991இல பௌதிகக்காரர் தங்களுக்கெண்டு தொடங்கினது. கொங்கிறீற்றுக்கும் பாலத்துக்கும் அங்க போய் நேரத்தை வீணாக்காதேயும். மொறட்டுவைப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில ஆய்வேடு தேடும்.

பெயர் போடவேண்டாம் எண்டவர்: சை-ஹப் பாவிக்கலாமோ?

பொட்டு எண்டது அயலவை ரெண்டுபேரும் சம்மதிச்சு விட்ட வழி. பதிப்பகத்தைக் கேக்காமல் கட்டுரையளை இலவசமாப் போடுற சை-ஹப் தளம் செய்யிறது வேலியைப் பிரிக்கிற வேலை. 2017இல அமெரிக்க நீதிமன்றம் அவை 15 மில்லியன் டொலர் கட்டவேணும் எண்டு தீர்ப்புக் குடுத்தது. பதிப்பகங்கள் அடிக்கிற கொள்ளையும் எனக்குத் தெரியும், அதால உங்களுக்குப் புத்தி சொல்ல வரேல்லை. மேல சொன்னதை ஒழுங்காச் செய்தால் அந்தப் பக்கம் போற தேவை குறையும், அவ்வளவுதான்.

பூநகரி, விரிவுரையாளர்: 'பத்து நாளில் பிரசுரிப்போம், கட்டணம் 200 டொலர்' என்று ஒரு சஞ்சிகை அழைக்கிறது.

அழைச்சதே சந்தேகம். கட்டணம் வாங்கிற எல்லாச் சஞ்சிகையும் கள்ளன் இல்லை, ஆனால் பத்து நாளில ஆரும் கட்டுரையை ஒழுங்கா வாசிச்சுத் திருத்திறேல்லை. 2003இல சுவீடனின்ர லுண்ட் பல்கலைக்கழகத்தில தொடங்கின டி.ஓ.ஏ.ஜே. எண்ட திறந்த சஞ்சிகைப் பட்டியலில அந்தப் பெயர் இருக்கோ பாருங்கோ. பெயர் மட்டும் காணாது, சஞ்சிகைக்குரிய ஐ.எஸ்.எஸ்.என். இலக்கத்தையும் ஒப்பிடுங்கோ. நல்ல சஞ்சிகையின்ர பெயரில ஒரு எழுத்தை மாத்தி நடத்திற ஒண்டில நானும் 2 மாதச் சம்பளத்தை விட்டவன். மனிசிக்கு இண்டைக்கும் முழுத் தொகை தெரியாது.

செட்டிகுளம், விவசாயி: தம்பி, எங்கட காணி காட்டுக்குள்ள போட்டுதெண்டு வர்த்தமானி வந்ததாம். அதையும் இப்பிடி எடுக்கலாமோ?

எடுக்கலாம், ஐயா. அரசாங்க அச்சகத் திணைக்களம் வர்த்தமானியளை இணையத்தில மூண்டு மொழியிலயும் போடுது. 'ஆமாம் போமாம்' எண்ட கதையில தேடேலாது, இலக்கமும் திகதியும் வேணும். பிரதேச செயலகத்தில காணிப் பகுதியில கேட்டால் சொல்லவேணும். தமிழ்ப் பிரதியோட நிக்காமல் சிங்களப் பிரதியிலயும் எல்லை எழுதின இடத்தை ஆரையும் கொண்டு வாசிப்பியுங்கோ, அது ரெண்டும் ஒத்துவராத இடத்தை நான் கண்டிருக்கிறன். இலக்கத்தை எடுத்துக்கொண்டு வாங்கோ, ரெண்டுபேரும் இருந்து பாப்பம்.