சிலந்திப்பேனை அடக்கும் பூஞ்சைகள்: கேள்வி பதில்

கேள்வி (ஈசூன்): அக்கா, வீவக (சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தாழ்வாரத்தில் வளரும் என் மிளகாய்ச் செடியின் இலைகள் கீழ்நோக்கிச் சுருள்கின்றன. சிலந்திப்பேனைக் கொல்லும் பூஞ்சையால் ஆன மருந்து தெளிக்கலாமா?

பதில்: கீழ்நோக்கிச் சுருண்டால் மஞ்சள் முரணைச் சிலந்தி என்னும் நுண்ணிய சிலந்திப்பேனையும், மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேனையும் முதலில் சந்தேகிக்க வேண்டும். உருப்பெருக்கிக் கண்ணாடியால் துளிர்களின் அடிப்பக்கத்தைப் பார்த்து உறுதிசெய்துகொண்டு தெளியுங்கள். சுருண்ட இலை மீண்டும் விரியாது. புதுத் துளிர் நேராக வருகிறதா என்பதே அடையாளம்.

கேள்வி (தெம்பனிஸ்): பிவேரியா என்னும் பூஞ்சை கொண்ட மருந்தைத் தெளித்து இரண்டு நாளாகியும் சிலந்திப்பேன்கள் ஊர்ந்துகொண்டே இருக்கின்றன. மருந்து கெட்டுவிட்டதா, ஐயா?

பதில்: அப்படி முடிவுகட்டிவிடாதீர்கள், தம்பி. இரசாயன மருந்தைப் போல இது தொட்டவுடன் கொல்வதில்லை. பூஞ்சையின் வித்து பேனின் மேல்தோலில் ஒட்டி, ஈரத்தில் முளைத்து, தோலைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து உள்ளே நுழைந்து, உடல் திரவத்தில் பெருகிய பிறகுதான் பேன் சாகும். அதற்கு மூன்று நாள் முதல் ஒரு வாரம்வரை ஆகலாம். வித்து ஊடுருவுவதற்குள் பேன் தோலுரித்தால் அது தப்பிவிடும். முட்டைகளும் பெரும்பாலும் தப்பும். வெப்பமான இடத்தில் முட்டை சுமார் பத்து நாளுக்குள் வளர்ந்த பேனாகிவிடுவதால், வாரம் ஒருமுறை திரும்பத் தெளிப்பது கட்டாயம் என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி (உட்லண்ட்ஸ்): சிங்கப்பூரில் எப்போதும் ஈரப்பதம்தானே? எந்த நேரத்திலும் தெளிக்கலாம் அல்லவா?

பதில்: இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். விடியலுக்குச் சற்று முன் தொண்ணூறு விழுக்காட்டைத் தாண்டும் ஈரப்பதம், மழையில்லாத பிற்பகலில் அறுபதையொட்டி இறங்கிவிடுகிறது. வெயிலின் புறஊதாக் கதிரோ வித்துகளைச் சில மணி நேரத்திலேயே செயலிழக்கச் செய்யும். ஆகவே மாலை மங்கிய பின், மழை வராத நாளில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளித்தால், இரவு முழுவதும் வித்து முளைப்பதற்கு ஈரம் கிடைக்கும். உயர்மாடித் தாழ்வாரங்களில் காற்று இலையை விரைவில் உலர்த்திவிடும் என்பதால், அங்கே தொட்டிகளை நெருக்கி வைப்பதும் உதவும்.

கேள்வி: பிவேரியாவை மான்கோசெப்புடன் கலக்கலாமா?

பதில்: கூடாது. அது பூஞ்சைக்கொல்லி, வித்தையும் கொன்றுவிடும்.

கேள்வி (பொங்கோல்): சிலந்திப்பேன்களை மட்டும் தாக்கும் பூஞ்சை உண்டா?

பதில்: ஹிர்சுடெல்லா தாம்சோனி என்னும் பூஞ்சை பெரும்பாலும் சிலந்திப்பேன் இனங்களையே தாக்குவது. 1998இல் கேரளத்தின் எர்ணாகுளம் பகுதியில் தென்னையைத் தாக்கும் ஈரியோபைட் என்னும் சிலந்திப்பேன் தெரியவந்த பிறகு, அதற்கெதிராக இந்தியாவில் இப்பூஞ்சையைக் கொண்டு மருந்து உருவாக்கினார்கள். நியோசைகைடிஸ் என்னும் பூஞ்சையின் சில இனங்களோ சிலந்திப்பேன்களை மட்டுமே தாக்குபவை. ஆப்பிரிக்காவின் பெனினில் மரவள்ளியின் பச்சைச் சிலந்திப்பேனை அடக்குவதற்குப் பிரேசிலிலிருந்து அவற்றில் ஒன்றைக் கொண்டுசென்றார்கள். ஆனால் அதைச் செயற்கை ஊடகத்தில் வளர்ப்பது மிகக் கடினம். எனவே வீட்டுத் தோட்டத்திற்கு பிவேரியாவையோ, மெட்டாரைசியம் என்னும் இன்னொரு பூஞ்சையையோதான் பரிந்துரைப்பேன்.

கேள்வி: வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். ஆபத்து உண்டா?

பதில்: இவை பூச்சி, பேன்களின் நோய்க்கிருமிகள், நலமாக உள்ளவர்களுக்கு நோய் தருவது மிக அரிது. எனினும் தூளை முகர்ந்தால் ஒவ்வாமை வரக்கூடும் என்பதால், கரைக்கும்போது முகக்கவசம் அணிந்து, பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். மிளகாயை நன்றாகக் கழுவிச் சமையுங்கள்.