சார்ஜன்ட் ஹாராவைப் பார்த்து ஏன் சிரித்தார்கள்? தகேஷி கிட்டானோ கேள்வி பதில்

போன வாரம் ஜோர்ஜ்டவுனில் நண்பர் ஒருவர் வீட்டு மாடியில் கூடி, ஜப்பானில் ஸ்டாண்ட்-அப் காமெடியனாக இருந்து இயக்குநரான தகேஷி கிட்டானோவின் ‘ஹனா-பி’ படம் பார்த்தோம். அதற்குப் பிறகு வந்து குவிந்த கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதில்கள் இவை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கிட்டானோ படங்களைப் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போடாதீர்கள்.

பட்டர்வொர்த் தம்பி: அண்ணே, ‘தகேஷி காசல்’ டிவி விளையாட்டு நிகழ்ச்சியில் கோட்டைக்குள் உட்கார்ந்திருப்பாரே, அவரா இவர்?

அவரேதான். ஜப்பானில் 1986 முதல் 1990 வரை ஓடியது.

ஆயர் ஈத்தாம் வாசகர்: ஜப்பானிய மேடை நகைச்சுவையான மன்சாய் இரண்டு பேர் சேர்ந்து செய்வது. இவரை எப்படி ஸ்டாண்ட்-அப் காமெடியன் என்கிறீர்கள்?

பிடித்துவிட்டீர்கள். மன்சாயில் ஒருவர் கோணல்மாணலாக உளறுவார், மற்றவர் தலையில் தட்டித் திருத்துவார். நமக்கு உடனே கவுண்டமணியும் செந்திலும் ஞாபகம் வருவார்கள். ஆனால் கவுண்டமணி-செந்தில் ஜோடியில் தட்டுகிறவர்தான் அதிகம் பேசுவார். கிட்டானோவும் பீட் கியோஷியும் சேர்ந்த ‘டூ பீட்’ ஜோடியில் கதை தலைகீழ். உளறுகிற கிட்டானோ மூச்சு விடாமல் பொழிவார், திருத்த வேண்டிய கியோஷிக்கு வாய் திறக்கவே சந்து கிடைக்காது. இரண்டு பேர் நின்றாலும் கச்சேரி ஒருவருடையதுதான்.

கிட்டானோ அந்த மேடைக்கு வந்து சேர்ந்த வழியும் விசித்திரம். 1947-இல் பிறந்தவர். அப்பா வீடுகளுக்குச் சாயம் பூசுகிறவர். மெய்ஜி பல்கலைக்கழகத்தில் பொறியியலைப் பாதியில் விட்டுவிட்டு, தோக்கியோவின் அசகுசா பகுதியில் துணி அவிழ்க்கும் நடனம் நடந்த ‘பிரான்ஸ்-சா’ அரங்கில் லிஃப்ட் இயக்கப் போனார். நடனங்களுக்கு இடையே நகைச்சுவைத் துணுக்கு போட்ட ஃபுகாமி என்பவரைக் குருவாகப் பிடித்து, டாப் டான்ஸ் வரைக்கும் கற்றுக்கொண்டார். 2003-இல் வந்த ‘சட்டோய்ச்சி’ வாள்சண்டைப் படம் கடைசியில் கூட்டமாக டாப் டான்ஸ் ஆடி முடிகிறதே, அந்தக் கால் தாளத்தின் வேர் அசகுசாவில் இருக்கிறது.

பிறை ஆசிரியை: ஐயா, என் தாத்தா இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்குப் போய்த் திரும்பியவர். ஜப்பானியச் சிப்பாயாக இவர் நடித்த படத்தை என்னால் பார்க்க முடியுமா?

பார்க்கலாம் அம்மா, ஆனால் உங்கள் தாத்தாவை அதில் தேடாதீர்கள். ஓஷிமா இயக்கி 1983-இல் வந்த ‘மெர்ரி கிறிஸ்மஸ் மிஸ்டர் லாரன்ஸ்’ ஜாவாவில் ஒரு கைதி முகாமில் நடக்கிறது. கைதிகள் வெள்ளைக்காரச் சிப்பாய்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட நம் ஆட்களின் நிழல்கூட அதில் விழாது. கிட்டானோவின் சார்ஜன்ட் ஹாரா கைதிகளைத் தடியால் அடிக்கிறவன். கிறிஸ்மஸ் இரவில் குடித்துவிட்டு, சாக வேண்டிய இரண்டு பேரை விட்டுவிடுகிறவனும் அவன்தான். கடைசிக் காட்சியில் மரண தண்டனைக்கு முந்தின இரவு அவன் முகம் முழுக்க ஒரு சிரிப்பு வரும். அதை மன்னிப்பதா வேண்டாமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. என் பெரியப்பாவும் அந்தப் பாதைக்குப் போனவர்.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். ஜப்பானில் படம் ஓடியபோது ரசிகர்கள் எப்படி ஏற்கிறார்கள் என்று பார்க்க கிட்டானோவே தியேட்டருக்குப் போனார். ஹாரா திரையில் வந்ததும் அரங்கமே சிரித்துவிட்டதாம். டிவியில் பார்த்துப் பழகிய கோமாளி ராணுவ உடையில் வந்தால் வேறென்ன செய்வார்கள்? அன்றைக்கே, இனிமேல் சினிமாவில் இறுக்கமான வேடங்கள்தான் என்று முடிவெடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். டிவியில் கூத்தடிப்பதை மட்டும் அவர் விடவில்லை. நடிகருக்கு ‘பீட் தகேஷி’, இயக்குநருக்கு ‘தகேஷி கிட்டானோ’ என்று பெயரையும் பிரித்துக்கொண்டார்.

செந்தூல் அண்ணன்: இதெல்லாம் பெரிய விஷயமா? நாகேஷ் 1965-லேயே ‘நீர்க்குமிழி’யில் புற்றுநோயாளியாக நடித்து அழவைத்துவிட்டாரே!

நடித்தார், மறுக்கவில்லை. ஆனால் அங்கே இயக்கியவர் பாலசந்தர். சிரிக்க வைத்தவர் தானே கேமராவுக்குப் பின்னால் போனதைப் பற்றி நான் பேசுகிறேன்.

செந்தூல் அண்ணன் (மறுபடியும்): அப்படியென்றால் சந்திரபாபு? 1966-இல் ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ அவரே இயக்கியதுதானே?

சரி, அது சரியான அடி.

பிரிக்ஃபீல்ட்ஸ் தாத்தா: இரண்டு பேரும் கலைவாணரை மறந்துவிட்டீர்கள். வில்லுப்பாட்டு மேடையிலிருந்து வந்தவர், ‘மணமகள்’ 1951, ‘பணம்’ 1952.

தாத்தா, உங்களுக்கு மட்டும் ஒரு கும்பிடு. மேடை, நடிப்பு, இயக்கம் மூன்றும் என்.எஸ்.கே.யிடம் இருந்தன, அதுவும் கிட்டானோ சின்னப் பிள்ளையாக இருந்தபோதே. ஒரு வித்தியாசம் உண்டு. கலைவாணர் ஜனங்களின் சிரிப்பை நம்பினார், அதிலேயே கருத்தையும் கலந்தார். கிட்டானோ அந்தச் சிரிப்பைக் கண்டு பயந்து ஓடினார். இதற்குமேல் செந்தூலும் பிரிக்ஃபீல்ட்ஸும் தேநீர்க் கடையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுங்கை பட்டாணி வாசகி: ‘தகேஷி காசல்’ ஆள்தானே இவர்?

மேலே பார்க்கவும்.

புக்கிட் மெர்தாஜாம் தம்பி: இயக்கம் எங்கே படித்தார்?

எங்கேயும் இல்லை. ‘வயலன்ட் காப்’ படத்தை ஃபுகசாகு என்ற இயக்குநர் இயக்குவதாக இருந்தது. அவர் விலகியதும் கதாநாயகனாக இருந்த கிட்டானோவிடம் அந்த வேலை வந்தது. 1989-இல் படம் வந்தபோது வயது 42. எதைக் கொண்டு இயக்கினார் என்றால் மேடைக் கணக்கைக் கொண்டுதான். நகைச்சுவையில் எங்கே நிறுத்துகிறோம் என்பதுதான் உயிர். அவர் அதை அடிதடிக்குக் கொண்டுவந்தார். அசையாத ஒரு முகம், சட்டென்று ரத்தம், மறுபடியும் அசையாத முகம். நடுவில் நாம் எதிர்பார்க்கிற சண்டையைப் பல இடங்களில் வெட்டி எறிந்திருப்பார். ‘ஹனா-பி’யின் படத்தொகுப்பிலும் அவர் கை உண்டு.

கூலிம் அக்கா: அந்தப் படத்தில் வரும் பூத்தலை மிருக ஓவியங்கள் யார் வரைந்தவை?

அவரே. 1994-இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் முகத்தின் ஒரு பக்கம் செயலிழந்தது. தேறிவரும்போது வரையத் தொடங்கினார். 1997-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் அந்தப் படத்துக்குத் தங்கச் சிங்கம் விருது கிடைத்தது.

செந்தூல் கல்லூரி மாணவர்: நான் ஓப்பன் மைக்கில் தமிழில் பேசுகிறேன். படம் எடுக்க லைசென்ஸ் எப்படி வாங்குவது?

அதை மலேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகமான பினாஸில் கேளுங்கள் தம்பி.

பட்டர்வொர்த் தம்பியின் நண்பர்: ‘தகேஷி காசல்’…

ஆமாம். ஆமாம். ஆமாம்.

பாயான் லெப்பாஸ் அம்மா: எந்தப் படத்திலிருந்து ஆரம்பிக்கலாம்? பள்ளி விடுமுறை, வீட்டில் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

‘ஹனா-பி’யிலிருந்து. பேரப்பிள்ளைகள் தூங்கிய பிறகு. ஒரு சாப்ஸ்டிக் காட்சி இருக்கிறது அம்மா, அவர்கள் நிஜமாகவே தூங்கிவிட்டார்களா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுப் போடுங்கள்.