சொட்டில் தெளிந்த வட்டம் விழுகிறது, நீர்த்தால் பிளேக் வரவில்லை

மன்னார்குடி சம்பா வயல் மண்ணின் சாற்றை, பாக்டீரியா பரப்பிய தட்டில் சொட்டிய இடத்தில் தெளிந்த வட்டம் விழுந்தும், அதையே நீர்த்து ஊற்றிய தட்டில் ஒரு பிளேக்கும் (ஃபேஜ் பாக்டீரியாவை அழித்த தனிப் பொட்டு) வரவில்லை என்றால், உங்களிடம் பாக்டீரியோஃபேஜ், அதாவது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ், இருப்பதாக இப்போதைக்குக் கொள்ள முடியாது. மண்ணிலுள்ள சூடோமோனாஸ் போன்றவை சுரக்கும் பாக்டீரியோசினும் (பிற பாக்டீரியாவைக் கொல்லும் புரதம்) அப்படி வட்டம் போடும். ஆயினும் என் சந்தேகம் சாற்றிலுள்ள பாக்டீரியாவைக் கொல்ல நீங்கள் சேர்த்த குளோரோஃபார்மின் மிச்சத்தின் மீதுதான்.

1. சாற்றைப் பத்துப் பத்து மடங்காக நீர்த்து, இலைக்கருகல் பாக்டீரியாவான சாந்தோமோனாஸ் ஒரைசே பரப்பிய தட்டில் ஒவ்வொரு நிலையிலும் 5 மைக்ரோலிட்டர் சொட்டி, 28 டிகிரி செல்சியஸில் வையுங்கள். ஃபேஜ் இருந்தால் வட்டம் ஏதோ ஒரு நிலையில் தனித்தனிப் பொட்டுகளாக உடையும். பாக்டீரியோசினோ குளோரோஃபார்மோ போட்ட வட்டம் மங்கி மறையுமே தவிரப் பொட்டுகளாகப் பிரியாது.

2. அதே தட்டின் ஓரத்தில், குளோரோஃபார்ம் சேர்த்து அதே முறையில் பிரித்தெடுத்த வெறும் பஃபரையும் (மண் சேராத கரைசல்) சொட்டுங்கள். அதுவும் வட்டம் போட்டால் காரணம் குளோரோஃபார்ம்தான் என்று தெரிந்துவிடும்.

இழை வடிவ ஃபேஜ்களைக் குளோரோஃபார்ம் செயலிழக்கச் செய்யும் என்பதால், அடுத்த முறை 0.22 மைக்ரான் வடிகட்டியே போதும். டெல்டாக் களிமண் அதைச் சட்டென்று அடைத்துவிடும், ஆகவே முதலில் மையவிலக்கில் சுற்றித் மேலே தெளிந்த நீரை மட்டும் எடுங்கள். பிளேக் கிடைத்தாலும், ஒற்றைப் பிளேக்கைக் குத்தியெடுத்து மூன்று முறையாவது மறுபடி வளர்த்துத் தூய்மைப்படுத்தாமல் டிஎன்ஏ பிரித்தெடுப்புக்கோ மின்னணு நுண்ணோக்கிக்கோ அனுப்ப வேண்டாம்.