பீரோ மேல் இருக்கும் எக்ஸ்ரே

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. எம்.சி. ரோட்டில் சுடிதாருக்கு அளவெடுத்த டெய்லர்தான் ஒரு பக்கத் தோள் இறங்கியிருக்கிறது என்று முதலில் சொன்னார். எக்ஸ்ரே எடுத்ததில் முதுகெலும்பு 54 டிகிரி வளைந்திருக்கிறதாம். ஆபரேஷன் செய்துவிடுங்கள் என்கிறார் டாக்டர். முதுகில் நீளமாகத் தழும்பு விழுந்தால் நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள் என்று என் அக்கா தடுக்கிறாள். மாமியார் புத்தூர் கட்டு போடலாம் என்கிறார். மகள் பயந்துவிடுவாளே என்று எக்ஸ்ரேயை பீரோ மேல் ஒளித்து வைத்திருக்கிறேன். என்ன செய்வது?
- ஒரு தாய், தண்டையார்பேட்டை

பதில்: டாக்டர், அக்கா, மாமியார் மூவரும் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். முதுகு யாருடையதோ அந்தப் பிள்ளை என்ன சொல்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை.

எக்ஸ்ரேயை ஒளித்து வைத்ததைப் போகிற போக்கில் சொல்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. யாரிடமிருந்து ஒளிக்கிறீர்கள்? டெய்லர் டேப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னபோது அங்கே நின்றது அவள்தானே! துப்பட்டாவை எந்தப் பக்கம் போட்டால் தெரியாது என்று எப்போதோ பழகியிருப்பாள். நீங்கள் ஒளித்ததால் அவள் பயம் போயிருக்காது. தன் உடம்பு இந்த வீட்டில் பேசக் கூடாத விஷயம் என்றுதான் நினைத்திருப்பாள். அது தப்பு, அம்மா. பிள்ளைக்காகப் பெற்றவர்கள் முடிவெடுக்க வேண்டும், அது கடமை. அவளுக்குத் தெரியாமல் எடுப்பது கடமை இல்லை.

சரி, ஆபரேஷனுக்கு வருவோம். இது சுளுக்கும் இல்லை, முறிவும் இல்லை. கட்டு போட்டு நிமிர்த்த முடியாது. வளரும் வயதில் 25 முதல் 40 டிகிரி வரை என்றால் பிரேஸ் என்று உடம்பைச் சுற்றி ஒரு பட்டை போட்டு, மேலே கூடாமல் பிடித்து வைக்கப் பார்ப்பார்கள். 50 டிகிரியைத் தாண்டிய வளைவு, வளர்த்தி நின்ற பிறகும் வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி கூடிக்கொண்டே போகலாம். ரொம்பக் கூடினால் நுரையீரலை நெருக்கும். டாக்டர் ஆபரேஷன் என்று சொல்வது அதனால்தான். கம்பியும் ஸ்க்ரூவும் வைத்து எலும்புகளை ஒன்றாகச் சேர்ப்பார்கள். சேர்த்த இடம் அப்புறம் வளையாது. நரம்பு பாதிக்கிற ஆபத்து குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. இதையெல்லாம் அவளும் காதால் கேட்க வேண்டும். இன்னொரு டாக்டரிடம் கேட்க நினைத்தால் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி உங்களுக்குப் பக்கம்தான். பெண் வயதுக்கு வந்து எவ்வளவு நாள் ஆயிற்று என்று கேட்பார்கள். இன்னும் எவ்வளவு வளர்வாள் என்று கணிக்க அது வேண்டும்.

அப்புறம் உங்கள் அக்கா. தழும்பைப் பார்த்து வேண்டாம் என்கிறவன் வீட்டுக்கு என் பெண்ணை நான் அனுப்ப மாட்டேன். இதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். இந்த ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் கல்யாணம் செய்துகொண்டு பிள்ளையும் பெறுகிறார்கள்.

இன்றைக்கு ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அந்தக் கவரைக் கீழே இறக்குங்கள். எக்ஸ்ரேயை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து அவளுக்குக் காட்டுங்கள். அழுதால் அழட்டும், பக்கத்திலேயே இருங்கள். அவள் கேட்கிற கேள்விகளை அவள் நோட்டிலேயே எழுதிக்கொள்ளட்டும். டாக்டரிடம் அவளே கேட்கட்டும்.