திருத்தலத்தில் போய்ப் பங்கைத் தேடாதீர்கள்

கேள்வி: திருக்காட்டுப்பள்ளி பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் ஊர் மாதா கோயிலில் மாதத்துக்கு ஒரு பூசைதான். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் செபம் நடத்துவார். கல்யாணமாகி நாகப்பட்டினம் வந்தபின், பக்கத்திலேயே வேளாங்கண்ணி இருக்கிறதே என்று ஞாயிறுதோறும் குடும்பத்தோடு அங்கேதான் போகிறோம். வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், எங்கள் பகுதிக்கு உரிய பங்குக் கோயிலும் இருக்கிறது. அங்கே கிறிஸ்துமஸ், ஈஸ்டருக்குப் போவதோடு சரி. வேளாங்கண்ணியில் அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் நிற்கிறேன், பூசை முடிகிறது, பஸ் ஏறி வந்துவிடுகிறேன். மனதில் ஒன்றும் ஒட்டவில்லை. பக்கத்தில் நிற்பவர் யாரென்று எனக்குத் தெரியாது, சாமியாருக்கு என்னைத் தெரியாது. கடவுளுக்காவது தெரிகிறதா என்றுகூட சில நாள் தோன்றுகிறது. எங்கள் தெருவில் ஒரு சிறிய ஜெபக்கூடம் இருக்கிறது. அங்கே பாஸ்டர் எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். அங்கே போய்விடலாமா? மகளுக்குப் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கும் வயது வந்துவிட்டது. அதனால்தான் இப்போது கேட்கிறேன்.
— ஒரு வாசகி, நாகப்பட்டினம்

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் ஒரு வரியை நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். நடக்கிற தூரத்தில் பங்குக் கோயில் இருக்கிறது, ஆண்டுக்கு இரண்டு முறை போகிறீர்கள். அதைத் தாண்டி பஸ் ஏறிப் போய், உலகத்தின் நாலா பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து போகிற ஒரு திருத்தலத்தில் நின்றுகொண்டு, இங்கே என்னை யாருக்கும் தெரியவில்லையே என்று வருந்துகிறீர்கள். வருத்தம் உண்மையானது. நீங்கள் அதைக் கொண்டுபோய் வைத்த இடம்தான் தவறு.

நீங்கள் பிறந்த ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில்தான் பூண்டி மாதா கோயில் இருக்கிறது. 1999-இல் பசிலிக்கா என்ற சிறப்புப் பட்டம் பெற்ற பெரிய கோயில் அது. மே மாதத் திருவிழாவுக்கு உங்கள் ஊரே அங்கே திரண்டிருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூண்டிதான் இருக்கிறதே என்று உங்கள் ஊர்க் கோயிலை யாராவது பூட்டி வைத்தார்களா? மாதம் ஒரு பூசைதான் என்றாலும், உபதேசியாரோடு உட்கார்ந்து செபமாலை சொன்னீர்கள். பூண்டிக்குப் போனது வேண்டுதலோடு, திருவிழாவுக்கு, நன்றி சொல்ல. ஞாயிறு உங்கள் ஊருக்கு உரியதாக இருந்தது. உங்கள் அப்பா அம்மாவுக்கு யாரும் பாடம் எடுக்காமலே தெரிந்திருந்த ஒழுங்கு இது. கல்யாணமாகி ஊர் மாறியபோது அது கைநழுவிப் போயிருக்கிறது.

வேளாங்கண்ணி எதற்காக இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் முகத்தைக் கவனித்தாலே போதும். காவி உடுத்தி நாள்கணக்கில் நடந்து வந்தவர்கள், பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுபவர்கள், மொட்டை போட்ட குழந்தையைத் தோளில் தூக்கி வருபவர்கள், மாதா குளத்துப் பாதை மணலில் முழங்காலால் நகர்ந்து போகிறவர்கள். இந்துக்கள் வருகிறார்கள், முஸ்லிம்கள் வருகிறார்கள். மலையாளத்திலும் தெலுங்கிலும் கொங்கணியிலும் வேண்டுகிறார்கள். இவர்களில் பலருக்கு, தன்னை யாருக்கும் தெரியாது என்பதே அந்த இடம் தருகிற ஆறுதல். சொந்த ஊரில் வாய்விட்டு அழ முடியாதவர்கள் அங்கே தூணோரம் நின்று அழுதுவிட்டுப் போகிறார்கள். 2004 டிசம்பர் 26 காலை, திருப்பயணிகள் ஏராளமானோரைக் கடல் கொண்டுபோன கரை அது. அவர்களைச் சேர்ந்தவர்கள் இன்றும் வந்து நிற்கும்போது, "நீங்க யாரு, எந்த ஊரு" என்று குறுக்கே யாரும் வந்து கேட்காமல் இருப்பது பெரிய கருணை. ஆனால் வாரம் தவறாமல் வருகிற ஒருவருக்கு, அதே கருணை நாள்பட நாள்பட வறட்சியாகிவிடும். உங்களுக்கு நடந்திருப்பது அதுதான்.

வேளாங்கண்ணியின் கதையை நீங்கள் சிறுவயதிலேயே கேட்டிருப்பீர்கள். குளத்தங்கரையில் பால் கொண்டுபோன ஒரு சிறுவன். நடுத்திட்டு என்ற இடத்தில் மர நிழலில் மோர் விற்ற கால் ஊனமான ஒரு பையன். புயலில் தப்பிக் கரையேறிய போர்த்துக்கீசிய மாலுமிகள். வழிவழியாகச் சொல்லப்படும் இந்த மூன்றிலும் பெரிய கோயில் எங்கே வருகிறது? தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு ஏழைப் பிள்ளைகளை மாதா தேடி வருகிறாள். முதலில் அங்கே எழுந்தது கூரை வேய்ந்த கோயில் என்கிறார்கள். பசிலிக்கா பட்டம் வந்தது 1962-இல். இன்னொரு செய்தியும் உண்டு. நாகப்பட்டினத்தோடு சேர்ந்திருந்த வேளாங்கண்ணி 1771-இலேயே தனிப் பங்கானது. இத்தனை கூட்டத்துக்கு நடுவிலும் அந்த ஊர்க்காரர்களுக்கு அது ஞானஸ்நானம், கல்யாணம், சாவு எல்லாம் நடக்கிற சொந்தக் கோயில். அவர்களுக்குக் கூட்டம் ஒரு பொருட்டே இல்லை. ஆகவே கோயில் பெரிதா சிறிதா என்பதில் உங்கள் சிக்கல் இல்லை.

அப்படியானால் கிராமத்தில் உங்களுக்கு இருந்த ஒட்டுதல் எங்கிருந்து வந்தது? சனிக்கிழமை சாயங்காலம் கோயிலைக் கூட்டியிருப்பீர்கள். திருவிழாவுக்குத் தோரணம் ஒட்டியிருப்பீர்கள். சப்பரத்துக்குப் பூ கட்டியிருப்பீர்கள். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் செபமாலையோடு போய் உட்கார்ந்திருப்பீர்கள். உங்கள் கடிதத்தில் இதெல்லாம் இல்லை; டெல்டாவின் சின்னக் கோயில்களைப் பார்த்துப் பழகியவன் என்பதால் துணிந்து எழுதுகிறேன். கல்யாண வீட்டில் பந்தியில் சாப்பிட்டு எழுந்து போகிறவருக்கும் இலைக்கு இலை பரிமாறியவருக்கும் அந்த வீட்டோடு இருக்கிற உறவு ஒன்றா? பிறந்த ஊரில் பரிமாறினீர்கள். நாகப்பட்டினம் வந்ததிலிருந்து பந்தியில் மட்டும் உட்காருகிறீர்கள். இதைக் கேட்க உங்களுக்குக் கசக்கும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

"கடவுளுக்காவது தெரிகிறதா" என்று எழுதியிருக்கிறீர்கள். என்னை உலுக்கிய வரி அது. லூக்கா நற்செய்தி எட்டாம் அதிகாரத்தை இன்று இரவு எடுத்துப் படியுங்கள். கூட்டம் இயேசுவை நெருக்குகிறது. பன்னிரண்டு ஆண்டுகளாக இரத்தப்போக்கால் வருந்திய ஒரு பெண், யாருக்கும் தெரியாமல் பின்னால் வந்து அவருடைய ஆடையின் ஓரத்தைத் தொடுகிறாள். "என்னைத் தொட்டவர் யார்?" என்று அவர் கேட்கிறார். இத்தனை பேர் நெருக்கும்போது இப்படிக் கேட்கிறாரே என்று பேதுருவுக்குப் புரியவில்லை. அவரோ அந்த ஒருத்தி முன்னால் வந்து பேசும்வரை நகரவில்லை. கூட்டத்தில் அவர் உங்களைத் தவறவிடுவார் என்ற பயத்தை விடுங்கள். அதே நேரத்தில், அந்தப் பெண் கையை நீட்டினாள் என்பதையும் மறக்காதீர்கள்.

மாற்கு ஆறாம் அதிகாரத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஐயாயிரம் பேருக்கு அப்பம் பகிர்வதற்கு முன்னால், அவர்களை நூறு பேராகவும் ஐம்பது பேராகவும் புல்தரையில் உட்கார வைக்கிறார்கள். பெருங்கூட்டமாக நிற்க வைத்துப் பரிமாறவில்லை. உங்கள் பங்கில் அன்பியம் என்று, பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கிற சிறு குழு ஒன்று நடக்கும், தெருவாரியாகவோ பகுதிவாரியாகவோ. அந்த ஐம்பது பேர் வரிசை இன்று அதுதான். நீங்கள் எந்த அன்பியத்தைச் சேர்ந்தவர் என்று உங்களுக்குத் தெரியுமா?

பங்குகள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன, குறை முழுக்க உங்களிடம்தான் என்று நான் சொல்ல வரவில்லை. 1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 529-ஆம் பிரிவைப் பங்குத்தந்தையர் ஒவ்வொருவரும் மேசைமேல் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். தம் பொறுப்பில் உள்ள மக்களை அறிந்துகொள்ள அவர் முயல வேண்டும். அதற்காகக் குடும்பங்களைச் சந்திக்க வேண்டும். ஏழைகளையும் தனிமையில் இருப்பவர்களையும் தேடிப் போக வேண்டும் என்கிறது அது. ஆண்டுக்கு ஒருமுறை வீடு மந்திரிக்க வந்து, தண்ணீர் தெளித்து, ஐந்து நிமிடத்தில் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டால் அது சந்திப்பு ஆகாது. பாடகர் குழுக்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வழிபாட்டில் மக்கள் முழுமையாக, உணர்ந்து, ஈடுபட்டுப் பங்கேற்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் எழுதி வைத்தது. இன்று பல கோயில்களில் கீபோர்டும் ஒலிபெருக்கியும் பாட, மக்கள் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். பழைய பாட்டு ஒன்றை எடுத்து, அவர்களையும் வாய் திறக்க விடுங்கள். பக்கத்தில் நிற்பவரின் குரல் காதில் விழுந்தாலே பாதித் தனிமை போய்விடும்.

சொல்லத் தயங்குகிற ஒன்றும் இருக்கிறது. சில பங்குகளில் புதிதாக வருபவரிடம் முதலில் விசாரிக்கப்படுவது சாதி. கல்லறையில்கூடச் சுவர் வைத்துப் பிரித்த ஊர்கள் தமிழகத்தில் உண்டு. வேளாங்கண்ணியில் யாரும் அதைக் கேட்பதில்லை. அதற்காகவே அங்கே ஒதுங்குகிறவர்களை நான் அறிவேன். உங்கள் காரணமும் அதுவாக இருந்தால், மேலே நான் கடிந்து எழுதிய எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. அப்போது மனம் திரும்ப வேண்டியது அந்தப் பங்குதான். அதை வெளிப்படையாக எனக்கு எழுதுங்கள். உங்கள் பெயர் இல்லாமல் இதே பக்கத்தில் பேசுவோம்.

ஜெபக்கூடத்துக்கு வருகிறேன். அந்தப் பாஸ்டர் எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்றால் அது நல்ல மேய்ப்பருக்கு உரிய குணம். நம் சாமியார்கள் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும். ஆனால் நீங்கள் அங்கே போக நினைப்பது அவர்களுடைய விசுவாசத்தை ஏற்றுக்கொண்டதாலா, அல்லது உங்கள் பெயரைக் கேட்க ஆசையாக இருப்பதாலா? முதலாவது என்றால் அது உங்கள் மனச்சாட்சியின் முடிவு; அதில் தலையிட எனக்கு உரிமை இல்லை. இரண்டாவது என்றால், பங்குக் கோயிலில் உங்கள் பெயரை இதுவரை யாரிடமும் சொல்லாமலே, அவர்களுக்குத் தெரியவில்லை என்று முடிவு செய்துவிட்டீர்கள். மகளுக்கு நற்கருணையைக் கொடுக்கத் துடித்துக்கொண்டே, அந்த நற்கருணையை நம்மைப்போல் நம்பாத ஓரிடத்துக்குக் குடும்பத்தோடு மாறுவதைப் பற்றி யோசிக்கிறீர்கள். இரண்டும் ஒரே வீட்டில் ஒன்றாக நிற்காது. பிள்ளைதான் குழம்பும்.

வரும் ஞாயிறு வேளாங்கண்ணி பஸ்ஸை விட்டுவிடுங்கள். பங்குக் கோயிலுக்குப் பூசை தொடங்குவதற்கு முன்பே போய் முன்வரிசையில் உட்காருங்கள். முடிந்ததும் சாமியாரிடம் நேரே போய், "ஃபாதர், நாங்க இந்தப் பங்குதான், இத்தனை நாள் சரியா வராம இருந்துட்டோம்" என்று சொல்லிக் குடும்பத்தைப் பதிவு செய்யுங்கள். எந்த அன்பியம் என்று கேளுங்கள். சனிக்கிழமை கோயில் கூட்டுகிறவர்களோடு சேர்ந்துகொள்ள முடியுமா என்றும் கேளுங்கள். முதல் இரண்டு மாதம் அந்நியமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வேளாங்கண்ணியை விட வேண்டாம். கூட்டமில்லாத ஒரு வாரநாள் காலையில் தனியாகப் போய், நடுத்திட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். வாரம் தவறாமல் போனபோது கிடைக்காதது அப்போது கிடைக்கலாம்.

மகளின் புதுநன்மைக்கு, பங்கில் நடக்கும் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில்தான் சேர்க்க வேண்டும். சட்டத் தொகுப்பின் 914-ஆம் பிரிவு பிள்ளையைத் தயார்செய்யும் கடமையை முதலில் பெற்றோர்மேல்தான் வைக்கிறது. பங்குத்தந்தை அதற்கு அடுத்துத்தான். வகுப்பு தொடங்கிவிட்டிருந்தாலும் போய்க் கேளுங்கள். ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பார்கள். மகளுக்கு எந்தக் கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்தீர்களோ அங்கேதான் அதை வாங்க வேண்டும். உங்கள் பிறந்த ஊர் என்றால் உபதேசியாருக்கு இப்போதே ஒரு போன் போட்டுச் சொல்லி வையுங்கள்.