பாறையில் ஒரு லாவணி – கடிதம்

அன்புள்ள ஐயா,

மலையேற்றம் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நான் ஏறுகிறவன் அல்ல, மருதமலைக்கே பஸ்ஸில் போகிறவன். என் கேள்வி அலுவலகம் தொடர்பானது.

எங்கள் குழுவில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டுக்காரர் ஒருவர், கலிஃபோர்னியாக்காரர் ஒருவர். இருவரும் விடுமுறை கிடைத்தால் பாறை ஏறப் போய்விடுவார்கள். வாராந்திரக் காணொளிக் கூட்டம் தொடங்குவதற்குள் ஆரம்பித்துவிடும். “உங்கள் ஊர்ப் பாறை எங்கள் ஆபீஸ் மாடி உயரம்கூட இல்லை” என்பார் அமெரிக்கர். “நீங்கள் சுவரில் ஆணியடித்து ஏணி கட்டி ஏறுகிறவர்கள்தானே” என்பார் ஷெஃபீல்டுக்காரர். மழை, தேநீர், ஏறும் வழியின் கடினத்துக்கு வைக்கும் தர எண் எதையும் விடுவதில்லை. சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம். குழுவை நடத்துகிறவன் என்ற முறையில் நான் தலையிட வேண்டுமா? இது உண்மையான பகையா? இதற்கு வரலாறு ஏதும் உண்டா?

எஸ்.,
கோவை

அன்புள்ள எஸ்.,

தலையிடாதீர்கள். முடிந்தால் கூட்டத்தைப் பத்து நிமிடம் தள்ளி வையுங்கள்.

தஞ்சைப் பக்கம் காமன் பண்டிகையில் லாவணி நடக்கும். மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று இன்னொரு கட்சி, விடிய விடியப் பாடுவார்கள். அந்தக் கதையில் ஈடுபாடு இல்லாதவன் அந்த மேடைக்கே வரமாட்டான். உங்கள் ஆட்கள் இருவரும் அப்படித்தான். உச்சியைத் தொட்டால் போதாது, எந்த முறையில் தொட்டாய் என்பதுதான் பேச்சு என்று நம்புகிற இரண்டு கூட்டங்கள் இவை. முறை பற்றிக் கவலைப்படாதவனிடம் இந்தக் கேலி எடுபடாது.

முதலில் அந்த இரண்டு கிண்டல்களையும் பார்ப்போம். இரண்டுமே நியாயமானவை. ஷெஃபீல்டை ஒட்டிய ஸ்டானேஜ் எட்ஜில் பாறை பெரும்பாலும் 20 மீட்டரைத் தாண்டாது. கலிஃபோர்னியாவில் யோசெமிட்டி பள்ளத்தாக்கின் எல் கேப்டன் பாறைச்சுவர் சுமார் 900 மீட்டர். ஆனால் ஸ்டானேஜின் சொரசொரப்பான மணற்பாறையில் துளைபோட்டு போல்ட் அடிக்கக்கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். இயற்கையாக இருக்கும் வெடிப்பில் எதையாவது செருகி, அதில் கயிற்றைக் கோத்துக்கொள்ளலாம். வெடிப்பே இல்லாவிட்டால்? ஒன்றும் செய்ய முடியாது. 15 மீட்டரில் கை நழுவினால் அடுத்த நிறுத்தம் தரைதான். ஆகவே உயரம் குறைவு என்று சொல்பவரை அங்கே அழைத்துப்போய் ஒரு முறை ஏறவிட்டால் போதும்.

ஏணிக் கிண்டலுக்கு ஆதாரம் 1950, 60களின் யோசெமிட்டி. பிட்டன் என்ற இரும்பு முளையை வெடிப்பில் சுத்தியலால் அடித்து இறக்கி, அதில் சிறு ஏணி மாட்டி ஏறுவார்கள், பின்னால் வருபவர் தட்டித்தட்டிப் பிடுங்குவார். நூறு பேர் அப்படி அடித்துப் பிடுங்கினால் வெடிப்பு புண்ணாகாமல் என்ன செய்யும்? அதே காலத்தில் வேல்ஸில் வேறொன்று நடந்தது. ஸ்னோடன் மலையில் கிளாக்வின் டியூர் ஆர்டு என்று ஒரு கரும்பாறை உண்டு, வாயில் நுழையாததால் ஆங்கிலேயரே ‘கிளாகி’ என்று சுருக்கிவிட்டார்கள். அதற்குப் போகும் வழி மலை ரயில் பாதையை ஒட்டியது. பாதையோரம் நட்டுகள் விழுந்து கிடக்கும், சாதாரண நட்டு போல்ட்டில் வரும் நட்டுதான். ஏறுகிறவர்கள் அதைப் பொறுக்கி, உள்புரியை அரத்தால் ராவி, அதன் வழியே கயிறு கோத்து வைத்துக்கொண்டார்கள். வெடிப்பு குறுகும் இடத்தில் செருகி இழுத்தால் இறுகிக்கொள்ளும். வேலை முடிந்ததும் விரலால் எடுத்துவிடலாம். சுத்தியல் வேண்டாம், பாறையில் தழும்பும் இல்லை.

1966இல் ராயல் ராபின்ஸ் பிரிட்டனுக்கு வந்தார். அன்றைய அமெரிக்கப் பாறை ஏற்றத்தின் தலைமகன் அவர். நட்டுகளைப் பார்த்தார், பயன்படுத்திப் பார்த்தார், ஊருக்குக் கொண்டுபோனார். அடுத்த ஆண்டு மனைவி லிஸ்ஸுடன் யோசெமிட்டியில் ஒரு பிட்டன்கூட அடிக்காமல் புதுவழி ஒன்று ஏறி அதற்கு ‘நட்கிராக்கர்’ என்று பெயர் வைத்தார். 1972 வாக்கில், பிட்டன் விற்றே வளர்ந்த இவான் ஷூனார்டின் நிறுவனமே தன் விலைப்பட்டியலில் பிட்டனை விட்டுவிடுங்கள் என்று எழுதியது. பிரிட்டிஷ் கட்சி இதை இன்றுவரை சொல்லிக்காட்டும். சொல்லட்டும். ஆனால் அடுத்த பெரிய கருவி எதிர்த்திசையில் வந்தது. ரே ஜார்டைன் என்ற அமெரிக்கர், வெடிப்புக்குள் விரிந்து பிடித்துக்கொள்ளும் சுருள்வில் கருவியைக் கண்டுபிடித்தார். அதைத் தயாரித்து உலகத்துக்கு விற்றவர் மார்க் வேலன்ஸ் என்ற ஆங்கிலேயர், டெர்பிஷரில். 1970களின் கடைசி அது. அந்தக் கருவிக்குப் பெயர் ‘ஃப்ரெண்ட்’.

இந்த நட்பு அதற்கும் பழையது. 1936இல் நந்தா தேவிக்கு வந்த குழுவில் பாதி பிரிட்டிஷ், பாதி அமெரிக்கர். உச்சிக்குப் போக வேண்டியவர்கள் ஆங்கிலேயர் நோயல் ஓடெல்லும் அமெரிக்கர் சார்லஸ் ஹூஸ்டனும். மேல் முகாமில் டின் இறைச்சி தின்ற ஹூஸ்டனுக்கு வயிறு மோசமாகிவிட்டது. காலையில் ஓடெல் கீழ் முகாமைப் பார்த்துக் கத்தினார்: “சார்லி இஸ் இல்!” கீழே கேட்டது: “சார்லி இஸ் கில்டு!” பிரிட்டிஷ் உச்சரிப்பு அமெரிக்கருக்குப் புரியவில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் கீழ் முகாமில் ஆங்கிலேயரான பில் டில்மனும் இருந்தார். செத்த ஆளைப் பார்க்கப்போகிறோம் என்று மூச்சிரைக்க ஏறிவந்தவர்களை, “வாங்கப்பா, டீ குடிங்க” என்று வரவேற்றது கூடாரம். ஹூஸ்டனுக்குப் பதிலாக டில்மன் போனார். ஆகஸ்ட் 29 அன்று அவரும் ஓடெல்லும் உச்சியில் நின்றார்கள். 7,816 மீட்டர், 1950 வரை மனிதன் ஏறிய மிக உயர்ந்த சிகரம் அதுதான். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போன ஹூஸ்டன் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. 1950இல் எவரெஸ்ட்டின் தென்புறத்தைப் பார்க்க அவர் போனபோது கூடப் போனவர் யார் தெரியுமா? அதே டில்மன்.

அப்படியானால் பகையே இல்லையா? உண்டு. ஆனால் கடல் தாண்டி இல்லை, வீட்டுக்குள். 1970இல் வாரன் ஹார்டிங்கும் டீன் கால்டுவெல்லும் எல் கேப்டனின் கிழக்குப் பக்கச் சுவரில் சுமார் 300 துளைகள் போட்டு ஏறினார்கள். அடுத்த ஆண்டு ராபின்ஸ், ஆங்கிலேயரிடம் அவ்வளவு பணிவாகக் கற்றுக்கொண்ட அதே ராபின்ஸ், சக அமெரிக்கரின் போல்ட்களை வெட்டி எறிந்துகொண்டே அந்த வழியில் ஏறினார். வெட்டுவதை மட்டும் இடையில் நிறுத்திவிட்டார். ஹார்டிங்கின் ஏற்றம் நினைத்ததைவிட நன்றாக இருந்ததாம்! இந்த மாதிரிக் கோபத்தை எந்த ஆங்கிலேயர் மீதும் அவர் காட்டியதாக நான் வாசித்ததில்லை.

பிரிட்டனிலும் இதே கதைதான். ஜேம்ஸ் பியர்சன் என்ற இளைஞர் 2007இல் ஷெஃபீல்டை ஒட்டிய பர்பேஜ் நார்த் பாறையில் ‘தி பிராமிஸ்’ என்ற வழியை ஏறி ஈ10 என்று தரம் வைத்தார். பிரிட்டிஷ் தரத்தில் கடினத்தோடு ஆபத்தும் சேர்த்துத்தான் கணக்கு, ஈ10 என்றால் கிட்டத்தட்ட உச்சாணிக் கொம்பு. 2008இல் கெவின் ஜோர்ஜசன், அலெக்ஸ் ஹொன்னால்ட், மாட் சீகல் என்ற அமெரிக்கர்கள் வந்தார்கள். கீழே தடித்த மெத்தைகளைப் போட்டுக்கொண்டு, ஜோர்ஜசனும் ஹொன்னால்டும் அந்த வழியை ஏறி, இது ஈ8தான் என்றார்கள். அத்தனை மெத்தை போட்டால் ஆபத்து எங்கே இருக்கும் என்று பிரிட்டிஷ் தரப்பு கேட்டது. நான் இந்த விஷயத்தில் அமெரிக்கர்கள் பக்கம்தான். (பின்னாளில், 2017இல், கயிறே இல்லாமல் எல் கேப்டன் ஏறியவர் இந்த ஹொன்னால்ட்தான். அவரிடம் போய் மெத்தைக் கணக்கு கேட்க முடியுமா?) ஆனால் பியர்சனை உண்மையிலேயே வறுத்தெடுத்தவர்கள் அவருடைய சொந்த ஊர்க்காரர்கள். அவர் கொஞ்ச காலத்தில் நாட்டைவிட்டே கிளம்பிவிட்டார். அதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை.

பிரிட்டிஷ் பதிலடி 2011இல் வந்தது. அமெரிக்க மேற்கின் பெருமைகளில் ஒன்று அகல வெடிப்பு. கையை நுழைத்தால் பிடிக்காது, உடம்பை நுழைத்தால் போகாது, அந்த அளவு. டாம் ராண்டல், பீட் விட்டேக்கர் என்று இரண்டு ஷெஃபீல்டுக்காரர்கள். அவர்கள் ஊரில் அவ்வளவு நீண்ட வெடிப்பு கிடையாது. ராண்டல் வீட்டு நிலவறைக் கூரையில் பலகைகளை இடைவெளிவிட்டு அடித்து, தலைகீழாகத் தொங்கி, கால்மாட்டிப் பழகினார்கள், இரண்டு ஆண்டு. பிறகு அமெரிக்கா போய், யூட்டாவில் யாரும் முழுதாக ஏறாமல் கிடந்த ‘செஞ்சுரி கிராக்’ என்ற கூரை வெடிப்பை முடித்துவிட்டார்கள். முதலில் கருவிகளை முன்னதாகவே பதித்து வைத்துத்தான் ஏறினார்கள். அது போதாது என்று அவர்களுக்கே தோன்றவே, எல்லாவற்றையும் தாங்களே பதித்துக்கொண்டு மறுபடியும் ஏறினார்கள்.

எனவே உங்கள் குழுவைப் பற்றிக் கவலை வேண்டாம். நீங்களும் கலந்துகொள்ள விரும்பினால் அமெரிக்கரிடம் ஹார்டிங்கின் போல்ட்களை ராபின்ஸ் வெட்டியது சரியா என்று கேளுங்கள். ஷெஃபீல்டுக்காரரிடம் ‘தி பிராமிஸ்’ ஈ எத்தனை என்று கேளுங்கள். அப்புறம் அன்றைய கூட்டம் நடக்காமல் போனால் என்னைக் குறை சொல்லக்கூடாது.