குறை தண்ணீரில் இல்லை

கேள்வி: என் பத்து மாதக் குழந்தைக்கு மூன்று நாளாக வாந்தி, பேதி. வைரஸ் என்றார் டாக்டர். வாந்தி நின்றுவிட்டது, பேதி நிற்கவில்லை. அடுத்தடுத்து கணவர், மாமியார், நான் என்று எல்லோரும் வாந்தி எடுத்தோம். ஆர்.ஓ. தண்ணீர்தான் குடிக்கிறோம். டயப்பர் மாற்றினால் சானிடைசர் போட்ட பிறகுதான் சமையலுக்கே போவேன். அவருக்கு டயப்பர் என்றாலே அருவருப்பு. ஆர்.ஓ. மெஷினை மாற்றிவிடலாமா?
- வாசகி, சேலம்

பதில்: மெஷின் கிடக்கட்டும். “அவருக்கு அருவருப்பு” என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்களே, அதைப் பேசுவோம்.

சின்னக் குழந்தைகளுக்கு இந்த வாந்தி, பேதியைக் கொண்டுவருபவை பெரும்பாலும் ரோட்டா, நோரோ, அடினோ, ஆஸ்ட்ரோ வைரஸ்கள். ரோட்டாவுக்கு 6, 10, 14-ஆவது வாரங்களில் அரசே இலவசமாகச் சொட்டு மருந்து தருகிறது. மற்றவற்றுக்கு அப்படி இல்லை. வீட்டுப் பெரியவர்களையும் வரிசையாகப் படுக்கவைத்தது என்றால் எனக்கு நோரோ மேல்தான் சந்தேகம். மலத்தைச் சோதிக்காமல் அடித்துச் சொல்ல முடியாது. தெரிந்தாலும் வைத்தியம் மாறப்போவதில்லை.

நோரோவிடம் சானிடைசர் சரியாகப் பலிக்காது. சோப்புப் போட்டு, நகக்கண் வரை தேய்த்து, ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். தொற்றுவதற்குக் கண்ணுக்குத் தெரியாத துளி போதும். தோசைக்கல்லின் சூட்டில் அது செத்துவிடும். ஆனால் அதே கையால் எடுத்து வைத்த தட்டுக்கும், கிள்ளிப் போட்ட கொத்தமல்லிக்கும் எந்தச் சூடு?

பெரியவர்கள் மூன்று பேர் இருக்கிற வீட்டில் மலம் துடைப்பதும் சோறு போடுவதும் ஏன் ஒரே கை? பெற்ற பிள்ளைக்குக் கால் கழுவிவிட அருவருப்புப்படுகிறவர் அப்பா என்று எப்படிச் சொல்லிக்கொள்கிறார்? நீங்களும் அதை அவருடைய சுபாவம் மாதிரி எழுதுகிறீர்கள். அது சுபாவம் இல்லை, நீங்கள் கொடுத்த சலுகை. இன்றோடு நிறுத்துங்கள். பேதி நின்ற பிறகும் இரண்டு வாரம், சில சமயம் அதற்கு மேலும், மலத்தில் வைரஸ் வந்துகொண்டிருக்கும். அதுவரை டயப்பர் அவர் பொறுப்பு. உங்களுக்கும் வாந்தி வந்ததால், அது நின்று இரண்டு நாள் ஆகும்வரை நீங்களும் அடுப்படிப் பக்கம் போகாதீர்கள்.

குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். ஒரு லிட்டர் பாக்கெட் ஓ.ஆர்.எஸ். என்றால் முழுசாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கலக்க வேண்டாம். ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். டாக்டர் எழுதித்தரும் துத்தநாக மருந்தை, பேதி நின்றாலும் 14 நாளும் கொடுத்து முடியுங்கள். வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் கேட்காது. கடையில் நீங்களாக வாங்காதீர்கள்.

ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, கண் குழிவிழுந்திருக்கிறது, குழந்தை துவண்டு கிடக்கிறது, மலத்தில் ரத்தம் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குழந்தையை அவர் தூக்கிக்கொண்டு வரட்டும்.